ஐம்பதாவது இடத்தின் மதிப்பு: இந்திய கோல்ஃப் சுற்றின் ஓர் ஆண்டு

விளையாட்டுப் பக்கத்தில் கோல்ஃப் செய்தி வந்தால் வென்றவரின் பெயரும் கோப்பையோடு நிற்கும் படமும் இருக்கும். அதே போட்டியில் 50ஆவது இடத்தைப் பிடித்தவருக்கும் அதை ஒரே அடியில் தவறவிட்டவருக்கும் என்ன ஆயிற்று என்பது அச்சில் வராது. ஆனால் தொழில்முறை கோல்ஃப் எப்படி இயங்குகிறது என்பதை அறிய அந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். இந்த ஆட்டத்தை நம்பி ஒருவர் பிழைக்க முடியுமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

இந்தியாவில் 2006 முதல் ஆண்களுக்கான தொழில்முறைச் சுற்றை நடத்திவருவது பி.ஜி.டி.ஐ. எனப்படும் புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா. கிரிக்கெட் வீரர் கபில் தேவ் 2024இல் இதன் தலைவரானார். இங்கே அணி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டக்காரர் நுழைவுக் கட்டணம் கட்டி, ரயிலோ விமானமோ பிடித்து, அறை எடுத்து, பையைச் சுமந்து ஆலோசனை சொல்லும் கேடிக்கும் கூலி கொடுத்து ஆடுகிறார். பெரும்பாலோருக்கு வருமானம் பரிசுப் பணம் மட்டுமே. விளம்பர ஆதரவு கிடைப்பவர்கள் மிகச் சிலர்.

ஆண்டின் தொடக்கத்தில் ‘கியூ ஸ்கூல்’ நடக்கும். பெயரில் பள்ளி இருந்தாலும் இது தகுதிப் போட்டி. இதில் மேலே வருபவர்களுக்கு அந்த ஆண்டு ஆடும் உரிமை கிடைக்கும். அதை ‘கார்டு’ என்பார்கள். பிறகு டெல்லி, சண்டிகர், அகமதாபாத், பெங்களூர் என்று ஊர் ஊராகப் போட்டிகள் தொடரும். சுற்று செல்லும் கொல்கத்தாவில்தான் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப், 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா இருக்கிறது. அசாமின் டிக்பாயில், 1901இல் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டிய ஊரில், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் மைதானத்தில் சர்வோ மாஸ்டர்ஸ் நடக்கிறது. கோடை வெயிலும் மழையும் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் சுற்று இளைப்பாறும். ஆண்டு முடிவில், டிசம்பர் வாக்கில், ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் டூர் சாம்பியன்ஷிப் நடப்பது வழக்கம்.

ஒரு போட்டி பொதுவாக நான்கு நாள். நாளுக்கு 18 குழி, மொத்தம் 72. ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் எத்தனை அடியில் பந்தைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதுதான் ‘பார்’. அதைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, ஓர் அடி கூடினால் போகி. மொத்தத்தில் குறைவாக அடித்தவர் மேலே. முதல் நாள் காலையில் ஆடிய குழு மறுநாள் மதியம் ஆடும். குளிர்காலத்து வட இந்தியாவில் காலை மூடுபனியும், மதியத்துக் காற்றும், பலர் நடந்து மிதித்த புல்லும் ஒருவருக்கே வாய்த்துவிடக் கூடாது என்பதற்காக இந்த மாற்று.

இரண்டு நாள் முடிந்ததும் ‘கட்’ விழும். இந்தியச் சுற்றில் முதல் 50 பேரும், 50ஆவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் அடுத்த இரண்டு நாள் ஆடலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவர்களுக்குப் பரிசுப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. கட்டைத் தாண்டியவர்கள் பணத்தைப் படிப்படியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு கோடி ரூபாய்ப் போட்டியென்றால் வென்றவருக்கு 15 லட்சம். கீழே போகப்போகத் தொகை வேகமாகச் சுருங்கும். மூன்று பேர் ஐந்தாம் இடத்தில் சமமாக நின்றால் ஐந்து, ஆறு, ஏழாம் இடங்களின் பணத்தைக் கூட்டி மூவருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். ஒரு குழியில் கூடுதலாகப் போன ஓர் அடி பலருடைய பங்கையும் மாற்றிவிடும்.

இரண்டாம் நாள் மாலை, கடைசிக் குழியை நினைத்துப் பாருங்கள். ஆட்டக்காரர் சரியாகக் கட் கோட்டில் இருக்கிறார். பந்துக்கும் குழிக்கும் ஐந்தடி தூரம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாது. தரையின் சாய்வு கண்ணுக்குத் தெரிந்துவிடும். புல்லின் சாய்வுதான் ஏமாற்றும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன். நம் ஊர் கிரீன்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா புல், அதாவது நம் அருகம்புல்லின் நெருங்கிய சொந்தம். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அது ஒரு பக்கமாகப் படுத்தே வளரும். படுத்த திசையில் பார்த்தால் புல் பளபளக்கும், பந்து விரைந்து ஓடும். எதிர்த்திசையில் பார்த்தால் கருத்துத் தெரியும், பந்து தயங்கி நிற்கும். குறுக்கே அடித்தால் கடைசி அடி தூரத்தில், வேகம் குறையும்போது, பந்து புல்லின் பக்கம் விலகும். கேடி குந்தியமர்ந்து பார்ப்பதும், குழியின் விளிம்பில் எந்தப் பக்கத்துப் புல் தேய்ந்திருக்கிறது என்று கவனிப்பதும் இதற்காகவே.

இந்த அறிவு பயிற்சி வகுப்பில் கிடைப்பதைவிட மைதானத்திலேயே வளர்ந்தவர்களுக்கு இயல்பாகக் கிடைக்கும். இந்திய கோல்ஃப் வரலாற்றில் அதற்குச் சான்றுகள் உண்டு. இந்தியன் ஓப்பன் 1964இல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர், 1991இல் வென்றார், 1993இல் மீண்டும் வென்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரித்தவர். மகன் அங்கேயே ஆட்டம் பழகினார். பந்தை வெகுதூரம் அடிப்பவர் என்ற பெயர் அவருக்கு இல்லை. கிரீனைச் சுற்றிய நுண்ணிய ஆட்டமே அவர் பலம். 2008இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை வென்று ஐரோப்பியச் சுற்றுப் பட்டத்தை எட்டினார். 2016, 2017 ஆண்டுகளில் இந்தியன் ஓப்பனும் அவருக்கே. வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மான் டாக்காவின் குர்மிட்டோலா மைதானத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கியவர். அவர் 2013இல் இந்தியன் ஓப்பனை வென்றார். 

கிரிக்கெட் ரசிகர்களுக்கு வியப்பாக இருக்கும் இன்னொன்று: இங்கே நடுவர் ஒவ்வொரு அடியையும் எண்ணுவதில்லை. உடன் ஆடும் போட்டியாளரே கணக்கெழுதுவார். ஆட்டக்காரர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். ஒரு குழியில் அடித்ததைவிடக் குறைவாக எழுதிய அட்டையைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் பொதுவாகத் தகுதிநீக்கம்தான். சரியாகக் கட் கோட்டில் நிற்பவர், தன் பந்து அசைந்ததைத் தான் மட்டுமே பார்த்திருந்தாலும், தானே அதைச் சொல்ல வேண்டும். வருமானம் போகும் என்று தெரிந்தும் அப்படிச் சொல்பவர்களால்தான் இந்தத் தொழில் நிற்கிறது.

ஆண்டு முழுதும் ஈட்டிய பரிசுப் பணத்தைக் கூட்டி ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்ற பட்டியல் தயாராகும். முதலிடத்துக்கு மேலே ஒரு படி காத்திருக்கிறது. ஐரோப்பாவை மையமாகக் கொண்ட டி.பி. வேர்ல்டு டூரில் அடுத்த ஆண்டு ஆடும் உரிமை அது. மத்தியப் பிரதேசத்தின் மோ ஊரைச் சேர்ந்த ஓம் பிரகாஷ் சௌஹான் 2023இலும், வீர் அஹ்லாவத் 2024இலும் அந்த வழியில்தான் போனார்கள். பட்டியலின் கீழ்ப்பகுதியில் முடிந்தவர் கார்டை இழந்து, மறுபடி கியூ ஸ்கூலுக்கு வருவார்.

ஆகவே ஒரு தேசியச் சுற்றின் தரத்தை, வென்றவருக்குக் கிடைக்கும் காசோலையை வைத்து மட்டும் அளக்கக் கூடாது. 40ஆவது, 50ஆவது இடத்தில் முடிப்பவர் பயணச் செலவையும் கேடியின் கூலியையும் கழித்து வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோகிறாரா என்று பார்க்க வேண்டும். வசதியான குடும்பத்துப் பிள்ளை ஐந்தாண்டு நஷ்டத்தில் ஆடலாம், புல்தரை பராமரிப்பவரின் மகன் ஓர் ஆண்டுகூட ஆட முடியாது. நம் நாட்டில் கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் கிளப்புகளிடமும் ராணுவத்திடமும் நிறுவனங்களிடமும் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஆடிப் பழக நேரம் ஒதுக்குவதும், சுற்றில் கீழ் இடங்களின் பங்கைக் கூட்டுவதும் பெரிய செலவில்லாத காரியங்கள். அடுத்த சௌராசியாவுக்கு இந்த இரண்டும் தேவை.