மேற்கோள் எண்ணிக்கையும் ஆராய்ச்சியின் மதிப்பும்

ஆராய்ச்சியாளன் ஒருவனின் உழைப்பை எவ்வாறு அளப்பது என்னும் வினா இன்று பல்கலைக்கழகங்கள் யாவற்றிலும் எழுகின்றது. பதவியும் நிதியும் பரிசிலும் வழங்குவோர்க்கு, விண்ணப்பித்தோரின் கட்டுரைகள் அனைத்தையும் படித்தறிய அவகாசம் வாய்ப்பதில்லை. ஆதலின் அன்னார் எண்களை நாடுகின்றனர். ஒரு கட்டுரையைப் பிற அறிஞர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக் காட்டினர் என்னும் கணக்கே அவற்றுள் முதன்மையானது. இதனை மேற்கோள் எண்ணிக்கை என்பர். அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்ட் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட விஞ்ஞான மேற்கோள் அட்டவணை இக்கணக்கை எளிதாக்கிற்று.

2005ஆம் ஆண்டில் செறிபொருட் பௌதிக அறிஞர் ஹோர்ஹே ஹிர்ஷ் இதற்குப் புதியதோர் அளவினை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாது மேற்கோளாயின், பதினொரு கட்டுரைகள் அவ்வாறு பதினொரு முறையை எட்டாவிடின், அவருடைய சுட்டெண் பத்தாகும். கட்டுரைகளின் தொகையையும் அவை பெற்ற வரவேற்பையும் இவ்வெண் ஒருங்கே காட்டும். எனினும், இரண்டே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை எடுத்தாளப் பெற்றவனுக்கு இரண்டே கிட்டும்! இவ்வளவினால் விளையும் தீமைகளைப் பிற்காலத்தில் ஹிர்ஷ் அவர்களே சுட்டிக்காட்டினார் என்பது நோக்கத்தக்கது.

இவ்வளவுகோலின் இயல்பை விளக்க, சர் சி. வி. இராமனின் மருகர் இருவரின் வரலாறு பெரிதும் உதவும். இருவரும் இராமன் 1948இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவர். இருவரும் தம் தலையாய முடிபுகளை இந்திய இதழ்களிலேயே வெளியிட்டனர்.

முன்னவர் பஞ்சரத்தினம். பளிங்குகளின் ஊடாகச் செல்லும் ஒளியை ஆராய்ந்த அவர், 1956ஆம் ஆண்டில், தமது இருபத்திரண்டாம் வயதளவில், அரியதோர் உண்மையைக் கண்டார். ஒளியின் முனைவாக்க நிலையைப் படிப்படியாக மாற்றி, மீண்டும் தொடங்கிய நிலைக்கே கொணர்ந்தாலும், அதன் அவத்தை முன்போல் இருப்பதில்லை. சென்ற வழியின் வடிவத்திற்கேற்ப அது வேறுபட்டு நிற்கும். இக்கட்டுரையை உலகப் பௌதிகர் நெடுங்காலம் பெரிதும் கவனியாதிருந்தனர். 1969இல் ஒக்ஸ்போட்டில், முப்பத்தைந்து வயதில், அவர் காலமானார். 1984இல் பிரிஸ்ரல் நகரத்து மைக்கேல் பெரி குவாண்டம் பொறிமுறையிலே இதனையொத்த அவத்தையைக் கண்டறிந்தார். பஞ்சரத்தினத்தின் முடிபு இதற்கு முன்னோடியென்பதை இராமசேஷனும் நித்தியானந்தாவும் 1986இல் எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டிற் பெரி அதனை உவந்து ஏற்று எழுதினார். இன்று பஞ்சரத்தினத்தின் பெயரால் அவ்வவத்தை வழங்கப்பெறுகின்றது.

பின்னவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். கோல்போன்ற நீண்ட மூலக்கூறுகளே திரவப் பளிங்காகும் என்று அறிஞர் கருதியிருந்த காலத்தில், தட்டுப்போன்ற மூலக்கூறுகளும், நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியதுபோல் நிரல்பட்டு, அந்நிலையை எய்தும் என்பதை அவரும் சதாசிவாவும் சுரேஷும் 1977இற் கண்டனர். பிரமாண என்னும் இந்திய இதழில் வெளிவந்த அச்சிறு கட்டுரை விரைவிலேயே உலகின் கவனத்தை ஈர்த்தது. திரவப் பளிங்கு ஆராய்ச்சியில் தனியொரு கிளைக்கு வித்தாயிற்று.

ஒன்று உடனே ஏற்கப்பட்டது. மற்றொன்று முப்பதாண்டு காத்திருந்தது. 1956இல் எழுதப்பட்ட கட்டுரையின் உண்மை 1986இல் வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது படிப்போர் தொகையே. எனவே மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரை எவ்வளவு பரவியது என்பதைக் காட்டுமேயன்றி, அதன் மெய்ம்மையை அளப்பதாகாது. துறைக்குத் துறை ஆராய்ச்சியாளர் தொகை வேறுபடுதலின், பெருந்துறையில் உழைப்போனுக்கு எண் எளிதில் மிகும் என்பதும் மறக்கற்பாலதன்று.

இவ்வுண்மை இலங்கைக்கும் உரியது. 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1942இல் அது பல்கலைக்கழகமாயிற்று. அம்மரபில் வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து விஞ்ஞானம் பயிலப் புகும் இளைஞரும் ஒருநாள் இவ்வெண்களால் அளக்கப்படுவர். எண்ணை முற்றாக ஒதுக்குதல் இயலாது. பலர் எடுத்தாண்ட கட்டுரையில் ஏதோ பயனுண்டு என்பதை அது உணர்த்தும். ஆனால், எவரும் எடுத்தாளாத கட்டுரையைப் பயனற்றதென்று தள்ளுமுன், தீர்ப்பளிப்போர் அதனை ஒருமுறையேனும் படித்துப் பார்த்தல் கடனாகும். பஞ்சரத்தினத்தின் கட்டுரையை 1986இல் மீட்டுத் தந்தது எந்த அட்டவணையுமன்று; அதனைப் படித்துப் பொருளுணர்ந்த அறிஞர் இருவரே.