தோழியின் கைகள்

தத்துவ போதகர் என்று மதுரை அறிந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி 1606-இல் இந்த ஊருக்கு வந்தார். அதே ஆண்டு ரோம் நகரில், தாயைப் பறிகொடுத்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி தம்பிகளோடு வளர்ந்துகொண்டிருந்தாள். பெயர் ஆர்ட்டெமிசியா. அப்பா ஒராசியோ ஜென்டிலெஸ்கி ஓவியர். பெண்பிள்ளை வெளியே போய்த் தொழில் பழக முடியாத காலம். அப்பாவின் பட்டறைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

பின்னாளில் பரோக் என்று பெயர் பெற்ற பாணி அப்போது ரோமில் வேர்விட்டுக்கொண்டிருந்தது. கரவாஜ்ஜோ அதன் பெரிய முன்னோடி. இருண்ட பின்னணி, ஒரு பக்கமிருந்து பாயும் வெளிச்சம். கருவறையில் தீபாராதனை காட்டும்போது இருட்டுக்குள்ளிருந்து மூர்த்தியின் முகம் மட்டும் எழுந்து வருமே, கிட்டத்தட்ட அப்படி.

1610-இல் ஆர்ட்டெமிசியா சூசன்னாவை வரைந்தார். குளிக்கும் பெண்ணை இரண்டு முதியவர்கள் மிரட்டிப் பணியவைக்கப் பார்க்கும் விவிலியக் கதை அது. ஆண் ஓவியர்கள் பலருக்கு அது பெண்ணுடலைக் காட்ட ஒரு சாக்கு. இவருடைய சூசன்னாவோ முகம் சுளித்து, உடலை முறுக்கி, இரு கைகளாலும் அவர்களைத் தள்ளுகிறாள்.

மறு ஆண்டே அப்பாவுடன் வேலை பார்த்த ஓவியர் அகோஸ்தினோ தாஸ்ஸி, ஆர்ட்டெமிசியாவைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். அதே வீட்டில் குடியிருந்த, ஆர்ட்டெமிசியா நம்பிப் பழகிய துட்சியா என்ற பெண், கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை. 1612-இல் வழக்கு ஏழு மாதம் நடந்தது. சொல்வது உண்மைதானா என்று சோதிக்க, புகார் கொடுத்தவரின் விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். தூரிகை பிடிக்கும் விரல்கள். கல்யாணம் செய்துகொள்வதாக ஏமாற்றிய தாஸ்ஸியைப் பார்த்து, நீ போடும் மோதிரம் இதுதானா என்று அந்த வலியிலும் கேட்டார். சிலம்பை உடைத்துப் பாண்டியனிடம் ஒருத்தி நீதி கேட்ட ஊர்க்காரர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. தாஸ்ஸி குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆனால் தண்டனை பெயரளவுக்குத்தான்.

அதன் பிறகு வந்தவைதான் யூதித்து ஓவியங்கள். எதிரிப் படைத்தலைவனின் கூடாரத்துக்குள் போய் அவன் தலையை வெட்டி ஊரைக் காத்த விதவை யூதித்து. கரவாஜ்ஜோவும் இதே காட்சியை வரைந்திருக்கிறார். அதில் பணிப்பெண் ஒரு கிழவி. தலையை வாங்கத் துணியோடு ஓரமாக நிற்கிறாள். ஆர்ட்டெமிசியாவின் படத்தில் அவள் இளம்பெண். திமிறுகிறவனைத் தன் முழுப் பலத்தோடும் அமுக்கிப் பிடிக்கிறாள். யூதித்தின் சட்டைக்கை முழங்கை வரை ஏறியிருக்கிறது. துட்சியா செய்யாததை இந்தத் தோழி செய்கிறாள் என்று படிக்க இடமிருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் அந்த ஒரு காயத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட முடியாது. சூசன்னா வழக்குக்கு முந்தையவள். ஃபிளாரன்ஸ் போன ஆர்ட்டெமிசியா, 1616-இல் அந்நகர ஓவியக் கழகத்தில் இடம்பிடித்த முதல் பெண் ஆனார். கலிலியோ அவருக்குப் பழக்கம். 1636-இல் மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழுந்தபோது அவர் நேப்பிள்ஸில் ஓவியத்தொழில் நடத்திக்கொண்டிருந்தார்.

1649-இல் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தில், இனி முன்வரைவுகளை யாருக்கும் அனுப்புவதில்லை என்கிறார். ஆயர் ஒருவர் அவர் போட்டுக் கொடுத்த வரைவை வாங்கி, செலவு குறையும் என்று வேறொரு ஓவியரிடம் கொடுத்து வரையவைத்திருந்தார். தான் ஆணாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றும் அதில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 56.