பெரிய பலகையில் குதிரை படும் பாடு

ஊத்துக்கோட்டையில் ஏதாவது ஒரு திண்ணையில் சாக்பீஸால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு, வழக்கமான சதுரங்கக் காய்களை அடுக்கி ஆடினால் கோளாறு சீக்கிரமே தெரிந்துவிடும். யானைக்குக் கொண்டாட்டம், குதிரைக்குத் திண்டாட்டம்.

கணக்கும் அதையே சொல்கிறது. காலியான 64 கட்டப் பலகையில் யானை எங்கே நின்றாலும் 14 கட்டங்களுக்குப் போகலாம். 144 கட்டப் பலகையில் அது 22. குதிரைக்கோ சராசரி 5.25 என்பது 6.11 ஆகிறது, அவ்வளவுதான். தூரம் கூடிவிட்டது, தாவல் கூடவில்லை.

பெரிய பலகைக்காகப் பிறந்த புதுக் காய்கள் பலவும் இந்தக் குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவைதான். ஒரு வழி, தாவலை நீட்டுவது. தைமூர் பெயரால் வழங்கும் பழைய சதுரங்கத்தில் ஒட்டகம் நேராக மூன்று, பக்கத்தில் ஒன்று என்று தாவும். வேகம் உண்டு, ஆனால் மூன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரட்டைப்படை. கறுப்புக் கட்டத்தில் நின்ற ஒட்டகம் கடைசிவரை கறுப்பிலேயே கிடக்கும்.

ஸ்பெயினில் பத்தாம் அல்போன்சோ மன்னர் 1283-இல் முடித்த விளையாட்டு நூலில் சிங்கம், முதலை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் காய்களாக வரும் 144 கட்ட ஆட்டம் இருக்கிறது. அது இந்தியாவில் உருவானது என்கிறது அந்நூல். விநோதமான எதையும் நம் தலையில் கட்டும் வழக்கம் அப்போதே இருந்திருக்கும் போல.

இன்னொரு வழி, இரண்டு காய்களை ஒன்றாக்குவது. இந்தியாவில் ஆடப்பட்ட 'மகாராஜாவும் சிப்பாய்களும்' ஆட்டத்தில் ராணியும் குதிரையும் சேர்ந்த ஒற்றை மகாராஜா, முழுப் படையையும் எதிர்த்து நிற்கிறார். எதிராளி நிதானமாக ஆடினால் மகாராஜா தப்ப முடியாது.

மந்திரி-குதிரை, யானை-குதிரை என்ற கலவைகளை இத்தாலியின் கரேரா 1617-லேயே முன்வைத்தார். தேர்ந்தவர்கள் மோதினால் எல்லாம் டிராவில் முடிந்துவிடும் என்று அஞ்சிய உலகச் சாம்பியன் காபபிளாங்கா, 1920-களில் அவற்றை 80 கட்டப் பலகையில் இறக்கினார். அவ்வளவு பெரிய மூளையும் ஓர் இடத்தில் சறுக்கியது. அவர் வரிசையில் வலப்பக்கமிருக்கும் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்க்குக் காவலே இல்லை. வெள்ளை தன் இடமிருந்து நான்காவது சிப்பாயை நகர்த்தியதுமே, மந்திரி-குதிரைக்கு மூலைவழி திறந்து, கறுப்பின் அந்தச் சிப்பாய் வெட்டுக்கு வந்துவிடும். பின்னால் வந்தவர்கள் வரிசையை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தது இதனால்தான்.

கிராண்ட்மாஸ்டர் யாசர் செய்ராவானும் புரூஸ் ஹார்ப்பரும் 2007-இல் பலகையைப் பெரிதாக்கவே இல்லை. அதே இரண்டு கலவைக் காய்களைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் ஒரு காய் முதன்முறை நகர்ந்து இடம் காலியானதும் அங்கே ஒன்றை இறக்கலாம். 64 கட்டமே போதும்.