வெள்ளை ஊசியின் பெயர் என்ன?

"முழங்கால் நோவுக்கு ஊசி போட்டேன் டொக்டர். ஒரு கிழமை நல்லா ஓடித்திரிஞ்சேன். இப்ப சீனி இறங்கவே மாட்டேங்குது." மருதானையில் இந்தப் பேச்சைக் கேட்காத கிழமையே இல்லை. பஞ்சிகாவத்தையில் கியர்பொக்ஸ் தூக்குகிறவர், மூன்று மாடி ஏறி இறங்கி வீட்டுவேலை செய்கிற அக்கா, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற ஹாஜியார் என்று ஆள்தான் மாறுகிறார், கதை மாறுவதில்லை. என்ன ஊசி என்று கேட்டால் "வெள்ளை ஊசி" என்பார்கள். கையில் துண்டு இருக்காது. எத்தனை மில்லிகிராம் என்று போட்டவர் சொல்லியிருக்க மாட்டார், போட்டுக்கொண்டவரும் கேட்டிருக்க மாட்டார்.

பால் போலக் கலங்கிய அந்த மருந்து பெரும்பாலும் ட்ரையம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசொலோன். இரண்டும் ஸ்டீரொய்ட்தான்.

உயிர் காக்கும் மருந்துதான்

இந்த மருந்தோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட் ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். இரண்டு வருடத்தில் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று குறைமாதத்தில் பிரசவமாகும் ஆபத்துள்ள தாய்க்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் ஊசி போடுகிறோம். வயிற்றுப் பிள்ளையின் நுரையீரல் முதிர அது உதவுகிறது. இறுகிப்போன தோள், மடக்கினால் நிமிராத விரல் போன்றவற்றுக்கு அளவோடு, சரியான இடத்தில் போட்டால் நல்ல பலன் உண்டு.

கொவிட் காலத்தில் டெக்ஸாமெதசோன் எல்லோர் வாயிலும் அடிபட்டது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. செய்தியின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு பாமசிக்கு ஓடியவர்கள் இரண்டாம் பாதியை வாசிக்கவே இல்லை.

கேட்டுக் கேட்டு அலுத்த கதைகள்

"மூட்டுக்குள்ளதானே போடுறாங்க, உடம்புக்குள்ள போகாது." போகும். முழங்காலில் போட்ட ஊசி இரத்தத்தில் கலந்து, நீரிழிவுக்காரரின் சீனியைச் சில நாட்களுக்கு, சிலரில் ஒரு கிழமை வரைக்கும் ஏற்றிவிடும். கொழும்பில் சீனி வருத்தம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஊசி போடுகிறவர் இதைக் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டும்.

"நோ போயிட்டுது, வருத்தமும் போயிட்டுது." நோ அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரை இரண்டாகப் பிரித்து, 12 கிழமைக்கு ஒரு முறை இரண்டு வருடம் ஊசி போட்டார்கள். ஒரு பகுதியினருக்கு ட்ரையம்சினலோன், மற்றவர்களுக்கு வெறும் சேலைன். முடிவில் இரு பகுதியினரின் நோவிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டீரொய்ட் போட்டவர்களின் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. நோ வரும்போதெல்லாம் ஊசி கேட்பவர்கள் இதை இன்னொரு முறை வாசியுங்கள்.

"முட்டு வந்தா ஹைட்ரோகோர்ட்டிசோன் போட்டதும் நின்னுடும்." அது வேலை செய்யப் பல மணித்தியாலம் எடுக்கும். பத்து நிமிடத்தில் மூச்சைத் திறந்தது நெபுலைசரில் போன சல்பியூட்டமோல். பேர் மட்டும் ஊசிக்கு. தினம் இழுக்க வேண்டிய இன்ஹேலரை அலுமாரியில் பூட்டிவைத்துவிட்டு, மாதம் ஒரு முறை மூச்சுமுட்ட வந்து ஊசி கேட்பவர்களை என்ன செய்வது? இன்ஹேலரிலும் ஸ்டீரொய்ட் இருக்கிறதே என்று பயமாம்! அதன் அளவு அந்த ஊசியோடு ஒப்பிட்டால் துளி.

இறால் சாப்பிட்டோ குளவி கொட்டியோ முகம் வீங்கி மூச்சு அடைத்தால் முதலில் போட வேண்டியது ஸ்டீரொய்ட் அல்ல, அட்ரினலின். "அலர்ஜி ஊசி" தேடிப் பக்கத்துப் பாமசிக்குப் போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு கூட்டம் ஸ்டீரொய்ட் என்றாலே விஷம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாதக்கணக்கில் எடுத்துவந்த குளிசையை ஒரே நாளில் நிறுத்திவிடுகிறது. நீண்டகாலம் வெளியிலிருந்து கிடைத்தால் உடம்பு தன் பங்கைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் பிரசர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

காய்ச்சலுக்கும் ஊசியா?

எனக்குக் கோபம் வருவது இதில்தான். 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அதற்குப் பிறகும், இரண்டாம் நாள் காய்ச்சலுக்கு டெக்ஸாமெதசோன் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், ஐந்தாம் நாள் நிற்க முடியாமல் வருகிறார்கள். ஸ்டீரொய்ட் காய்ச்சலை இறக்கிவிடும், வெள்ளையணுவை ஏற்றிவிடும். டெங்குவில் வெள்ளையணு குறைவதைப் பார்த்துத்தான் நாங்கள் நோயை ஊகிக்கிறோம். அந்த அடையாளத்தை ஊசி அழித்துவிடுகிறது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதும் பலருக்குத் தெரியாது. டெங்குவுக்கு ஸ்டீரொய்ட் மருந்தே அல்ல.

மருந்து சுத்தமாக இருந்தால்தான்

2012இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி தயாரித்த மெத்தில்பிரெட்னிசொலோன் ஊசியில் பூஞ்சை கலந்திருந்தது. முதுகு நோவுக்கு அதைப் போட்டுக்கொண்டவர்களில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நம் நாட்டிலும் 2023இல் நுவரெலியாவில், கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு விட்ட ஸ்டீரொய்ட் சொட்டுமருந்தால் கண்ணில் தொற்று வந்து சிலர் பார்வை இழந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், பையில் கொண்டுவந்து விற்கிற ஊசி மருந்தை எதை நம்பி வாங்குகிறீர்கள்?

கெஞ்சிக் கேட்கிறேன்

ஊசி போட்டுக்கொண்டால் மருந்தின் பெயர், அளவு, திகதி மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் உடம்பு. ஒரே மூட்டில் மூன்று மாதத்துக்குள் மறுபடி போடச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். நெருக்கினால் போட்டுவிட ஆள் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். ஸ்டீரொய்ட் அடிக்கடி எடுப்பவர்கள் சீனி, பிரசர், கண் அழுத்தம் மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துக் குழி விழுந்தால் அதன் மேல் எண்ணெய் தேய்க்க வேண்டாம். பலருக்கு மாதங்கள் போகப் போகச் சரியாகும். முதல் ஓரிரு நாள் நோ கூடுவதும் உண்டு, ஐஸ் வைத்தால் அடங்கும். ஆனால் மூட்டு சிவந்து, சூடேறி, குளிர் காய்ச்சலும் வந்தால் அது வேறு. உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். சுடுதண்ணி ஒத்தடம், மிச்சமிருந்த அன்டிபயோட்டிக் என்று வீட்டில் நாள் கடத்தாமல், தயவுசெய்து அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.