சீனி ஊர் சதுப்பு சொல்லும் பாடம்



நிலத்தின் மேலே செழிப்பாகக் காடு நின்றால் அடியிலே நல்ல மண் இருக்கும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதிக் காட்டில் ஓடும் ஃபாக்ஸ் என்கிற சின்ன ஆற்றைப் பாருங்கள்.

இந்த ஆறு சீனி என்ற சிற்றூர் வழியாகப் போய், மானிஸ்டீக் ஆற்றோடு கலக்கிறது. அந்த ஆறு மிச்சிகன் ஏரியில் விழுகிறது. ஊர்ப் பேருதான் சீனி. மண்ணோ வெறும் மணல். பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னே பனிப்பாறைகள் உருகி ஓடியபோது பரப்பிவிட்டுப் போன மணல் அது. மழைத் தண்ணீரும், உருகின பனியும் மணலுக்குள் இறங்கி, ஊற்றாகக் கசிந்து ஆற்றுக்கு வருகிறது. அதனாலே கோடையிலும் ஆறு வற்றாது, தண்ணீர் சில்லென்று இருக்கும். பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கிச் சதுப்பாகிவிட்டது. அங்கே தழையெல்லாம் பாதிதான் மக்கி, 'பீட்' என்ற கரிமண்ணாகப் படிந்திருக்கிறது. அதன் சாயம் இறங்கித்தான் தண்ணீர் தேயிலை நிறமாய் இருக்கிறது.

1880-களில் இங்கே பைன் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். குளிர்காலத்தில் வெட்டின மரத்தை ஆற்றங்கரையில் அடுக்கிவைத்து, பனி உருகி வெள்ளம் வந்ததும் ஆற்றில் மிதக்கவிட்டு மரமில்லுக்குக் கொண்டுபோனார்கள். விட்டுப்போன கிளையிலும் சருகிலும் தீ பிடித்தது. மணல் மேலே இருந்த மெல்லிய மக்குமண்ணும் எரிந்துபோச்சு. அந்த வட்டாரத்தில் நூறு வருஷத்துக்கு முந்தின அடிக்கட்டைகள் இன்றைக்கும் வெட்டவெளியில் நிற்கின்றன.

அதற்கப்புறம் ஒரு நிலக் கம்பெனி வந்தது. 1912 வாக்கில் சதுப்பில் மைல் கணக்கில் வடிகால் வெட்டி, விவசாய பூமி என்று விற்றது. நம்பி வந்த குடியானவர்கள் என்ன கண்டார்கள்? கரிமண் காய்ந்தது, அடியிலே சத்தில்லாத மணல். போதாக்குறைக்கு உறைபனி வேறு; பயிர் வளரும் காலமோ ரொம்பக் கொஞ்சம். நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள். வரி கட்டாத நிலம் அரசாங்கத்துக்கே திரும்பியது.

1935-இல் அங்கே சுமார் 95,000 ஏக்கரில் பறவைகளுக்கும் வனவிலங்குகளுக்கும் சரணாலயம் அமைத்தார்கள். கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். 1976-ஆம் வருஷத்து வறட்சியில் மின்னல் விழுந்து தீப்பற்றியது. காய்ந்த கரிமண் தரைக்குள்ளேயே புகைந்து எரிய, 70,000 ஏக்கருக்கு மேல் பாதித்தது. பிற்பாடு பழைய வடிகாலைச் சில இடங்களில் மண் போட்டு அடைத்து, தண்ணீரைச் சதுப்புக்கே திருப்பினார்கள்.

ஆகவே புதுசாக நிலம் வாங்குகிறவர்கள் மேலே நிற்கும் பச்சையை மட்டும் பார்க்காதீர்கள். இடுப்பளவு குழி வெட்டி அடிமண்ணைப் பாருங்கள். மண் பரிசோதனை செய்யுங்கள். தேங்கின தண்ணீரை வடிக்கும் முன்னே, அது எங்கிருந்து வருகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று விசாரியுங்கள். மண்வெட்டியை அப்புறம் எடுக்கலாம்.