பின்பக்க ஷெட்டுல ஒரு ஜிம்: வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

போன எபிசோடுல எங்க வீட்டுப் பின்பக்க ஷெட்டை ஜிம்மா மாத்தினேன்னு போற போக்குல சொன்னேன். அதைப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என்னென்ன வாங்கணும்னு லிஸ்ட் கேட்டவங்கதான் அதிகம். லிஸ்ட் கடைசியில வரும். அதுக்கு முன்னாடி, நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிடறேன்.

ஷெட் ரெடியாகி மூணாவது வாரம். ராத்திரி எட்டு மணி. பெஞ்ச் பிரஸ், 60 கிலோ. அஞ்சாவது தடவை கம்பி நெஞ்சுக்கு வந்துச்சு, மேல போகலை. ரெண்டு பக்கமும் கிளிப்பை நல்லா இறுக்கி வெச்சிருந்தேன், அதனால சாய்ச்சு பிளேட்டைக் கீழே தள்ளவும் முடியலை. கத்தினேன். உள்ள டிவில சீரியல், அடுப்புல குக்கர் விசில், யாருக்கும் கேக்கலை. கடைசியில கம்பியை நெஞ்சுல இருந்து வயித்து வழியா இடுப்பு வரைக்கும் உருட்டி, எழுந்து உக்காந்தேன். ஒரு வாரம் வயித்துல ஊதா நிறத்துல தடம். அம்மா பாத்துட்டு, "நாளைக்கே இந்த இரும்பை எல்லாம் எடைக்குப் போடு"ன்னு சொல்லிட்டாங்க.

கமர்ஷியல் ஜிம்ல பக்கத்துல எப்பவும் நாலு பேர் இருப்பாங்க. வீட்டுல நாம தனி ஆள். கூட ஆள் இல்லைங்கிறதை மனசுல வெச்சுத்தான் ஒவ்வொண்ணையும் முடிவு பண்ணணும். நான் அதை ரெண்டாவது ரவுண்டுலதான் கத்துக்கிட்டேன்.

அளவு

எங்க ஷெட் 12-க்கு 8 அடி. தாம்பரம் பக்கம் பழைய வீடுகள்ல பின்னாடி இருக்குமே, பழைய சைக்கிள், பெயிண்ட் டப்பா, உடைஞ்ச ஃபேன் எல்லாம் போட்டு வெக்கிற ரூம், அதுதான்.

ஒலிம்பிக் கம்பியோட நீளம் 2.2 மீட்டர், அதாவது சுமார் 7.2 அடி. எடை 20 கிலோ. 8 அடி அகலத்துல அதைக் குறுக்கே வெச்சா ஒரு பக்கத்துக்கு அரை அடிகூட மிச்சமில்லை. கம்பி உள்ள போயிடும், ஆனா பிளேட்டை எப்படிச் செருகுவீங்க? முனைக்கு வெளியே ஒன்றரை அடியாவது வேணும். அதனால கம்பியை 12 அடி பக்கமா வெச்சேன், ரெண்டு பக்கமும் ரெண்டு அடிக்கு மேல கிடைச்சது. உங்க ஷெட் அதைவிடச் சின்னதா இருந்தா 5 அடி, 6 அடி ராடு கிடைக்குது, இல்லைன்னா டம்பெல் மட்டுமே போதும்.

அடுத்தது உயரம். ஷெட் கூரை சரிவா இருக்கும். எங்களுது ஒரு பக்கம் 9 அடி, இன்னொரு பக்கம் 7 அடி. என் உயரம் 5 அடி 8 அங்குலம். கையை மேல தூக்கி, முஷ்டி எங்க வருதுன்னு சுவத்துல சாக்பீஸால குறிச்சேன்: 6 அடி 11 அங்குலம். அதோட பிளேட்டோட பாதி விட்டத்தையும் சேக்கணும். பெரிய பிளேட்டோட விட்டம் 450 மி.மீ., பாதின்னா 9 அங்குலம். மொத்தம் 7 அடி 8 அங்குலம். தாழ்வான பக்கம் நின்னு பண்ணினா கூரை உடையும். இந்தச் சாக்பீஸ் கோட்டை ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி போடுங்க.

கூரையும் சூடும்

எங்க கூரை ஆஸ்பெஸ்டாஸ். இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. ஆஸ்பெஸ்டாஸ் நார் புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்பு தெளிவா சொல்லியிருக்கு. உடையாம முழுசா இருக்கிற ஷீட்டைத் தொடாம விட்டா ஆபத்து குறைவு. அதை வெட்டும்போதும், துளை போடும்போதும், கம்பி பிரஷ்ல தேய்க்கும்போதும்தான் அந்த நார் காத்துல கலந்து மூச்சு வழியா உள்ள போகுது. அதனால கூரையில துளை போட்டு ஃபேன் மாட்டுறது, புல்-அப் கம்பி தொங்கவிடுறது ரெண்டுமே வேண்டாம்னு விட்டுட்டேன். ஃபேன் சுவத்துல. புல்-அப் தரையில நிக்கிற ராக்குல. ஷீட் உடைஞ்சிருந்தா ஜிம் யோசனையைத் தள்ளி வெச்சுட்டு, முதல்ல கூரையை அதுக்குத் தெரிஞ்ச ஆளை வெச்சு மாத்துங்க. சும்மா பாக்கலாம்னு அந்த ஷீட் மேல ஏறவும் ஏறாதீங்க, காலடியில சட்டுனு உடைஞ்சிடும்.

சூட்டைப் பத்தி. மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள தெர்மாமீட்டர் வெச்சேன், 43 டிகிரி. நம்ம தோலோட வெப்பம் சுமார் 35 டிகிரி. காத்து அதைவிடச் சூடா இருந்தா ஃபேன் அனல் காத்தைத்தான் மேல அடிக்கும். வியர்வை காயறதால வர்ற குளிர்ச்சி மட்டும்தான் மிச்சம். சென்னை ஈரப்பதத்துல வியர்வை எங்க காயுது, சொட்டத்தான் செய்யும்.

நான் பண்ணினது மூணு. ஒண்ணு, கூரைக்கு ஒன்றரை அடி மேல பச்சை நிழல் வலை. கூரையில இல்லை, வீட்டுச் சுவத்துக்கும் ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல கட்டினேன். வெயில் நேரா ஷீட்ல விழாது, நடுவுல காத்தும் ஓடும். உள்ள 4 டிகிரி குறைஞ்சது. ரெண்டு, ஒரு சுவத்துல கீழேயும் எதிர்ச் சுவத்துல மேலேயும் திறப்பு. சூடான காத்து மேலே ஏறும், மேல வழி இருந்தா வெளியே போகும், கீழ் திறப்பு வழியா புதுக் காத்து உள்ள வரும். மேல எக்ஸாஸ்ட் ஃபேன் வெச்சிருக்கேன். மூணாவதுக்குச் செலவே இல்லை: காலையில 5.30. ஏப்ரல், மே மாசத்துல மத்தியானம் உள்ள போறதே இல்லை. தலை சுத்தினா, வாந்தி வர்ற மாதிரி இருந்தா, செட்டை முடிக்கணும்னு நினைக்காம வெளியே வந்துடுங்க.

தரையும் கரண்டும்

ஷெட் தரை பெரும்பாலும் வாசலைப் பாத்து சரிவா இருக்கும், தண்ணி வெளியே போகணும்னு அப்படிப் போடுவாங்க. ராக் ஆடினப்போதான் எனக்கு அது புரிஞ்சது. கொத்தனாரைக் கூப்பிட்டு டியூப் லெவல் வெச்சுப் பாத்து சமமா பூசச் சொன்னேன். அப்படியே 4 அங்குலம் ஏத்தவும் சொன்னேன், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. 2015 டிசம்பர்ல முடிச்சூர் பக்கம் என்ன ஆச்சுன்னு எங்க ஏரியாவுல யாரும் மறக்கலை. அந்த மாதிரி வெள்ளத்துக்கு 4 அங்குலம் எந்த மூலைக்கு, ஆனா சாதாரண மழைக்குப் போதும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, தரையை ஏத்தினா கூரை உயரம் அந்த அளவுக்குக் குறையும். நான் மேல சொன்ன 9-ம் 7-ம் ஏத்தினதுக்கு அப்புறம் எடுத்த அளவு.

தரை மேல 15 மி.மீ. ரப்பர் டைல். டெட்லிஃப்ட் பண்ற இடத்துல மட்டும் ரெண்டு அடுக்கு. பிளைவுட் போடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். தோட்டத்துல இருக்கிற கரையானுக்கு நாமளே விருந்து வெக்க வேண்டாம்னு விட்டுட்டேன்.

கரண்டை மொதல்ல சமையலறையில இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துத்தான் எடுத்தேன். அதைச் செய்யாதீங்க. ஈரக் கை, இரும்பு ராக், மழைத் தண்ணி, மூணும் ஒரே இடத்துல இருக்கு. தனி லைன், ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இவ்வளவும் வேணும். எம்சிபி ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்ல இருந்து வயரிங்கைக் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி. கரண்ட் உடம்பு வழியா கசிஞ்சா கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள கட் பண்ணிடும். மாசம் ஒரு தடவை அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க.

வாங்கினது

சேஃப்டி பின் இருக்கிற ராக், பெஞ்ச், கம்பி, பிளேட், ஒரு ஜோடி டம்பெல். அவ்வளவுதான். டிரெட்மில் வாங்கலை, தெருவுல நடக்கக் காசு கேக்கலை.

பிளேட்டெல்லாம் செகண்ட் ஹேண்ட். இரும்பு பழசானாலும் எடை மாறாது. ஆனா மேல எழுதியிருக்கிற எடையை நம்பாம தராசுல வெச்சுப் பாருங்க. கம்பி வளைஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்க, ராக்ல வெச்சுச் சுழற்றுங்க. முனை மேலேயும் கீழேயும் ஆடினா வாங்காதீங்க. நம்ம ஊர் ஈரக் காத்துல துரு சீக்கிரம் பிடிக்கும். வேலை முடிஞ்சதும் வியர்வையைத் துடைச்சு, வாரம் ஒரு தடவை தையல் மெஷின் எண்ணெய் லேசா தடவினா போதும்.

தனியா இருக்கும்போது

இப்போ இந்த ரூல்ஸ் சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு.

பெஞ்ச், ஸ்குவாட் ரெண்டும் ராக்குக்குள்ள மட்டும். பெஞ்ச்ல படுத்து, காலி கம்பியை வெச்சு பின் உயரத்தைச் சரி பாக்கணும்: நெஞ்சை நிமித்தினா கம்பி நெஞ்சைத் தொடணும், தளர விட்டா பின் மேல உக்காரணும். ராக் இல்லாதவங்க தனியா இருக்கும்போது டம்பெல்ல பண்ணுங்க, முடியலைன்னா பக்கவாட்டுல கீழே விட்டுடலாம். கம்பிதான் வேணும்னா கிளிப் போடாதீங்க. ஃபோன் படுத்திருக்கும்போது கைக்கு எட்டுற தரையில இருக்கணும். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போடக் கூடாது. உள்ள போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போகணும். ஷூவுக்குள்ள கையை விடாம, முதல்ல தட்டிப் பாக்கணும். தோட்டம், தேள் இருக்கும்.

இதெல்லாம் போட்ட பிறகுதான் அம்மா இரும்புக்கடைப் பேச்சை விட்டாங்க. அப்புறம் ஒரு நாள் அப்பா வந்து நின்னார். அவருக்குச் சுகர், பத்து வருஷமா மாத்திரை. நாம சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்துல இருந்து பெரும்பாலும் இழுத்துக்கிறது தசைதான். வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேணும்னு உலக சுகாதார அமைப்போட 2020 வழிகாட்டியும் சொல்லுது. டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிச்சோம். பெஞ்ச்ல உக்காந்து எழுந்திருக்கணும், கையில 2 கிலோ டம்பெல், பத்து தடவை. இப்போ செவ்வாய், வெள்ளி காலையில எனக்கு முன்னாடி அவர்தான் ஷெட் கதவைத் திறக்கிறார். எண்ணிக்கையில மட்டும் ஏமாத்துவார், ஏழுக்கு அப்புறம் நேரா பத்து.

உங்க ஷெட்டோட நீளம், அகலம், கூரையோட ரெண்டு பக்க உயரம் நாலையும் அளந்து அனுப்புங்க. அடுத்த எபிசோடுல ரெண்டு மூணை எடுத்து, எதை எங்க வெக்கலாம்னு பேசுவோம். வரட்டுமா.