ஜிலேபி நம்ம ஊர் மீன் இல்லை

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பையனை நிறுத்தி, "உங்க ஊர்க் குளத்தில் என்னடா மீன் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வாயில் வருவது ஜிலேபியாகத்தான் இருக்கும். தூண்டிலில் மாட்டுவதும் அது, மடை வாயில் துள்ளுவதும் அது. தாத்தா காலத்து மீன் என்பார்கள். சரிதான். ஆனால் கொள்ளுத்தாத்தா காலத்து மீன் இல்லை.

ஜிலேபி என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் திலேப்பியாவின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பகுதி. சாமானியருக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்று 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. மீனின் சுபாவத்தைத்தான் யாரும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரிந்த பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்திலேயே அந்தக் குஞ்சுகளும் முட்டையிடத் தயார். பாசியோ புழுவோ எதுவும் தள்ளுபடி இல்லை, உப்புத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும். குளம் நிறைய மீன், ஆனால் எல்லாம் கையளவுகூட வளராத பொடி. இதை மேலும் பரப்ப வேண்டாம் என்று 1959-லேயே மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. அதற்குள் மீன் வாய்க்கால் வாய்க்காலாகப் போயாகிவிட்டது.

சரி, இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்? விரால், குறவை, ஆரால், அயிரை, உளுவை, கெளுத்தி. பிறகு பனையேறி. இந்தப் பனையேறியின் கதை உலகப் புகழ் பெற்றது, நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தங்கரைப் பனைமரத்தின் வெடிப்பில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சானது. ஊர்க்காரர்கள் அப்போதே அதைப் பனையேறி என்றுதான் சொன்னார்கள். உண்மையில் மரம் ஏறுமா என்பது இன்றுவரை சந்தேகம்தான். காகமோ பருந்தோ கவ்விப்போய்ப் போட்டிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் செவுள் மூடியின் முள்ளை ஊன்றித் தரையில் நடக்கும், காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும். குளம் வற்றினால் அடுத்த குளத்தைத் தேடிப் போகும் மீன் அது.

அப்படிப்பட்ட மீனும் அருகிப் போனதற்கு ஜிலேபியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. வயலில் அடிக்கும் பூச்சிமருந்துக்கும், தூர்ந்த குளத்துக்கும், சிமெண்ட் பூசிய வாய்க்காலுக்கும் பங்கு உண்டு. நாம் நாட்டு மீனை விரட்டினோம், காலியான இடத்தில் ஜிலேபி உட்கார்ந்தது என்றும் சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே பெருகிக் கிடக்கும் இதே மொசாம்பிக் திலேப்பியா தன் சொந்த நதிகளில் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. நைல் திலேப்பியாவை அங்கே விட்டதில் இனம் கலந்துவிட்டது. நம் பனையேறியோ பப்புவா நியூகினி வழியாகப் பரவி, ஆஸ்திரேலியாவின் போய்கு, சாய்பாய் தீவுகள் வரை எட்டிவிட்டது. விழுங்கும் பறவையின் தொண்டையில் முள் சிக்கும் என்று அங்கே அதைக் கண்டு பயப்படுகிறார்கள். இதில் நல்ல மீன், கெட்ட மீன் என்று எதுவும் இல்லை. எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஜிலேபியைப் போலவே வெளியிலிருந்து வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியின் வளர்ப்பை மத்திய அரசு 2000-இல் தடை செய்தது. ஆனாலும் பண்ணைகளில் அதைப் பிடித்து அழிக்கும் செய்தி தமிழ்நாட்டில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. 2022-இல் தமிழக அரசு அந்நிய ஊடுருவல் இனங்கள் பற்றிக் கொள்கை வெளியிட்டது. அது சீமைக்கருவேலம், உண்ணிச்செடி போன்ற செடி கொடிகளுக்கானது. மீனுக்கு அதில் இடமில்லை. ஆகாயத்தாமரை கண்ணுக்குத் தெரிகிறது, பொக்லைன் வைத்து அள்ளுகிறோம். தண்ணீருக்கு அடியில் இருப்பதை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

அதனால் படிப்பைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் நாலு மீன் படம் ஒட்டுவதிலிருந்து தொடங்கலாம். குளத்தைக் குத்தகை எடுப்பவரிடம், குஞ்சு விடும்போது என்ன குஞ்சு என்று கேட்கலாம். சலித்துப்போன தொட்டி மீனை வெண்ணாற்றில் கொட்டாமல் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: மழைக்காலத்தில் குளத்தோரம் செக்கச்செவேலென்று பொடிக்குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால், அவை விரால் குஞ்சுகள். கீழே பெரிய விரால் காவல் நிற்கும். அந்தக் கொஞ்ச நாளைக்கு அங்கே தூண்டில் போடாதீர்கள்.